ரூரிக்கு இன்னும் ஒரு ஞாயிறு

பெர்னி கொய்லின் வலது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று உண்டு. செவ்வாயும் வெள்ளியும் நான் போய்க் கட்டு மாற்றுவேன். இந்தத் தீவுக்கு நர்ஸாக வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. யார் வீட்டுக் கதவை எப்படித் தள்ள வேண்டும், எந்த நாய் கடிக்கும், எந்தக் கிழவர் மாத்திரையைப் பூந்தொட்டியில் புதைப்பார் என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கதவைத் தள்ளும்போதும் உள்ளே யாராவது விழுந்து கிடப்பார்களோ என்று பயந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்பேன். பெர்னி வீட்டில் அந்தப் பயம் கிடையாது. கார் சத்தம் கேட்டதுமே கெண்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் இந்தத் தெற்கு யூஸ்ட்டில் யாரையும் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒரே பெயர் பத்து வீட்டுக்கு இருக்கும். கூப்பிட்டால் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் அப்பன் பெயர், அவனுக்கு அப்பன் பெயர் என்று கோத்துச் சொல்வார்கள். ரூரி மகன் லாக்லன், லாக்லன் மகன் ரூரி. ஆறு ஏழு தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் ஆட்கள் தபால் ஆபீஸ் வாசலில் இன்றைக்கும் நிற்கிறார்கள். பெர்னிக்கு அந்தச் சரம் இல்லை. கிளாஸ்கோ நகரத்தில் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளைத் தீவுகளுக்கு அனுப்பி வளர்க்க விட்ட காலத்தில், ஏழு வயதில், சட்டையில் பெயர் எழுதிய அட்டையோடு கப்பலில் வந்து இறங்கியவர் அவர். ஃப்ளோரா மக்கின்டயர் துறைக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். "ஃப்ளோரா வீட்டு கிளாஸ்கோ" என்று அன்றைக்கு வைத்த பெயர் எழுபதைத் தாண்டியும் போகவில்லை. லாப்ஸ்டர் என்னும் சிங்கி இறால் பிடித்தார், ஆடு வளர்த்தார், முப்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினார், அவளை இந்த ஊர் மண்ணிலேயே புதைத்தார். இந்தத் தீவின் கேலிக் மொழியை இங்கே பிறந்தவர்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். ஆனாலும் கிளாஸ்கோதான்.

அவருடைய ஒரே மகள் ஊனா பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளைக்குப் பக்கத்துத் தீவு, பாரா. மக்நீல் வீட்டுப் பையன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் கேட்டு வரும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. அவன் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து, பெண் என்று சொல்லாமல், ஆடு, பசு, படகு என்று எதையாவது கேட்பார். பெண்ணைப் பெற்றவரும் அதே பாஷையில் பதில் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்க வந்த அன்று மதியம் பெர்னியின் சமையலறையில் இருபது பேர் அடைந்திருந்தோம். உப்பு மீனும் உருளைக்கிழங்கும் வேகும் ஆவியில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், கலம் என்பவர், விஸ்கித் தம்ளரோடு எழுந்தார்.

"பெர்னி, உன் மந்தையில ஒரு பெட்டைக்குட்டி இருக்காம்ல. பாரா வரைக்கும் அதே பேச்சா இருக்கு. எங்க பையன் ஒரு குளிர்காலம் வெச்சு மேய்ச்சுப் பாக்கறேங்கறான்."

"முட்டும்," என்றார் பெர்னி.

"முட்டட்டுமே. எங்க வீட்டுல எல்லாருக்கும் மண்டை கெட்டி."

"தீனி ஜாஸ்தி."

"அதை நேத்து ராத்திரிச் சாப்பாட்டுலயே பாத்துட்டோம்பா!"

ஊனா பாத்திரம் துடைக்கும் துணியைச் சுருட்டிக் கலமின் மேல் எறிந்தாள். வீடு அதிர்ந்தது.

"சரி சரி. வாங்கறதுக்கு முன்னால காதைப் பாக்கணுமே," என்று கலம் விடவில்லை. பொது மேய்ச்சலில் கலந்து மேயும் ஆடுகளுக்குக் காதில் வீட்டுக்கு ஒரு மாதிரி வெட்டு உண்டு. அதை வைத்துத்தான் யார் ஆடு என்று பிரிப்பார்கள். அதேபோல விசேஷத்துக்கு ஆண்கள் கட்டும் கில்ட் என்ற கம்பளிப் பாவாடையில் குலத்துக்கு ஒரு வண்ணக் கட்டம் உண்டு. "காதுல என்ன வெட்டு? எந்த வீட்டுக் குட்டி? ஆட்டுக்குக் காது வெட்டு, மனுஷனுக்குக் கட்டம். கல்யாணத்தன்னிக்கு நாங்க இருபத்தஞ்சு பேரு மக்நீல் கட்டத்துல கில்ட் கட்டி கோயில் வாசல்ல நிப்போம். பொண்ணோட அப்பன் எந்தக் கட்டத்துல நடந்து வருவான்? கொய்லுக்கு ஏதுடா கட்டம்? கிளாஸ்கோ பஸ் சீட்டுத் துணியைக் கிழிச்சுத் தைச்சுக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெர்னியும் சிரித்தார். "என் காதுல வெட்டே இல்ல கலம். அடையாளமில்லாத ஆடு. யார் வேணும்னாலும் ஓட்டிக்கிட்டுப் போகலாம்."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அடுப்போரம் உட்கார்ந்திருந்த பெகி மட்டும் சிரிக்கவில்லை. ஃப்ளோராவின் மகள் அவள். பெர்னிக்கு ஒரு வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், பக்கத்து மேட்டில் அந்தப் பழைய மக்கின்டயர் வீட்டிலேயே தனியாக இருப்பவள். ஊனா அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். பெகி கோப்பையை மேஜையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. கோட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய் நான் போனபோது அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை.

"மக்கின்டயர் கட்டத்தைக் கட்டிக்கோங்கப்பா. வளத்தவங்க பேரு. அதுல என்ன தப்பு?"

"அது என்னோடது இல்ல."

"யாரோடதும் இல்லப்பா! எரநூறு வருஷத்துக்கு முன்னால துணி வியாபாரிங்க ஆளுக்கொரு பேரை ஒட்டி வித்தது. பசங்களுக்குப் பாடமே நடத்தறேன். ரத்தத்துலயா கட்டம் போட்டு ஓடுது? இங்க பாருங்க," என்று போனைக் காட்டினாள். "கொய்ல்னா அயர்லாந்துப் பேராம். டோனகல் ஜில்லாவுக்கு ஒரு கட்டம் இருக்கு. அது வேண்டாமா? பட்டாளத்துக் கட்டம் இருக்கு, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஊருல பாதிப் பேரு அதைத்தான் வாடகைக்கு எடுக்கறாங்க."

"சூட்டு இருக்கு. உங்க அம்மா சாவுக்குப் போட்டது. நல்லாத்தான் இருக்கு."

"என் கல்யாணத்துக்கு சாவுச் சட்டையா?" அவள் குரல் உடைந்தது. "இருபத்தஞ்சு மக்நீலுக்கு நடுவுல என் அப்பா மட்டும் எங்கேயோ இருந்து பிடிச்சுக்கிட்டு வந்த ஆள் மாதிரி நிக்கணுமா? யாரு உங்களுக்கு இல்லன்னு சொன்னது?"

"சொன்னவரு செத்துப் போயிட்டாரு. விடு."

ஊனா கதவை அறைந்து சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போனாள். நான் குனிந்து பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று இருந்தேன். அவராகவே சொன்னார்.

ஃப்ளோராவுக்கு ரூரி என்று ஒரு மகன் இருந்தான். பெர்னி வந்தபோது ரூரிக்குப் பதினோரு வயது. துறையிலிருந்து வீடுவரை பெர்னியை முதுகில் சுமந்து வந்தவன் அவன்தான். பெர்னிக்கு அப்போது கேலிக்கில் ஒரு வார்த்தை தெரியாது. வழியெல்லாம் கல், ஆடு, மேகம், தண்ணீர் என்று ரூரி கை காட்டிக் காட்டிச் சொல்லி வந்தான். ரூரி காற்றுப்பை வைத்த பைப் வாசிப்பான். விளையாட்டு விழாவில் வாசிக்க அவனுக்கென்று மக்கின்டயர் கட்டத்தில் கில்ட் ஒன்று தைத்திருந்தார்கள். பச்சையும் நீலமும், நடுவே சிவப்பாக ஒரு மெல்லிய கோடு. பத்தொன்பது வயதில் லாப்ஸ்டர் கூடுகளை எடுக்கப் போன படகு கவிழ்ந்து ரூரி போய்விட்டான். படகு கிடைத்தது. ரூரி கிடைக்கவில்லை.

"ரெண்டு மூணு வாரம் வீட்டுல யாரும் பேசல. ஒரு ஞாயித்துக்கிழமைக் காலையில ஃப்ளோரா என் படுக்கை மேல ரூரியோட கில்ட்டையும் வெள்ளைச் சட்டையையும் மடிச்சு வெச்சிருந்தா. 'இன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டு பூசைக்கு வா'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. எனக்குப் பதினஞ்சு வயசு நர்ஸம்மா. நான் என்ன நெனப்பேன்? எட்டு வருஷத்துக்கு அப்புறம் என்னை மகனா எடுத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன். அவன் செத்ததுக்கு அழுதுக்கிட்டே, உள்ளுக்குள்ள ஒரு மூலையில எனக்குச் சந்தோஷம். கோயில்ல நிமிர்ந்து உக்காந்தேன். அடுத்த ஞாயிறும் அதே மாதிரி எடுத்து வெச்சா. அன்னிக்குத்தான் லாக்லன் எழுந்து வந்தாரு."

லாக்லன், ரூரியின் அப்பா. மகன் போனதிலிருந்து படுக்கையை விட்டு எழாதவர். அந்த இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் பாதையில் எதிர்ப்பக்கமிருந்து தள்ளாடி வந்தவர், முதுகைக் காட்டி நின்ற பெர்னியைப் பார்த்து "ரூரி!" என்று கத்தியிருக்கிறார். பெர்னி திரும்பியிருக்கிறார்.

"அவரு மூஞ்சி அப்போ மாறினதை இன்னிக்கும் பாக்கறேன். 'கழட்டு'ன்னாரு. 'அது உன்னோடது இல்ல, கழட்டு.' ஊரே நிக்குது. கழட்டிக் குடுத்தேன். சட்டை மட்டும் முழங்கால் வரைக்கும் தொங்குது. அப்படியே வீட்டுக்கு நடந்தேன். கொஞ்ச நாள்லயே கப்பல் வேலைக்குப் போயிட்டேன். இப்போ சொல்லுங்க, நான் எந்தக் கட்டத்தைக் கட்டறது?"

புண்ணுக்கு மருந்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை, கல்யாணத்துக்கு முந்தின நாள், நான் பெர்னியின் காலுக்குப் பாதிக் கட்டுப் போட்டிருந்தபோது கதவு திறந்தது. பெகி. மழைக் கோட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்தேன்.

"நீ இரும்மா நர்ஸு. கட்டைப் போட்டு முடி. சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும்." கோட்டைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய மூட்டையை மேஜையில் வைத்துப் பிரித்தாள். பூச்சி அரிக்காமல் இருக்க வைக்கும் சதுப்புச் செடியின் காரமான வாசனை அறையை நிறைத்தது. பச்சை, நீலம், சிவப்புக் கோடு.

பெர்னி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவருடைய கால் என் கையிலிருந்து நழுவியது.

"ஊனா வந்து அழுதா," என்றாள் பெகி. "அப்பா ஏன் மாட்டேங்கறாருன்னு கேட்டா. நீ அவகிட்ட சொல்லல போலிருக்கு. டேய் பெர்னி, அம்மா இதை உனக்கு எதுக்குப் போட்டுவிட்டா தெரியுமா?"

"தெரியும். தப்பா நெனச்சுட்டேன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க அம்மா வீட்டு வழக்கம் அது. செத்தவங்க துணியை வேற ஒரு ஆள் மூணு ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கிட்டுப் போகணும். போனாத்தான் அந்தத் துணி அந்தப் பக்கம் போய்ச் சேரும். இல்லன்னா செத்தவங்க அங்க வெறும் உடம்போட குளிர்ல நிப்பாங்க. ஃபாதருக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு அம்மா வாயே திறக்கல."

"அப்போ பெத்தவரே போட்டிருக்கலாமே. ஊருல எத்தனை மக்கின்டயரு."

"அதான்டா." பெகி உட்கார்ந்தாள். "சொந்த ரத்தம் போடக் கூடாது. போட்டா செல்லாது. இந்த ஊருல எந்தக் கதவைத் தட்டினாலும் ஏதாவது ஒரு வழியில எங்க ரத்தம். நீ ஒருத்தன்தான் வெளி ஆள்."

சமையலறையில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் எழவில்லை.

"அப்போ," பெர்னி மெதுவாகச் சொன்னார், "என்னை மகனா நெனச்சுக் குடுக்கல."

"நெனச்சிருந்தா குடுத்திருக்கவே முடியாது."

அந்த வார்த்தை அவரை எங்கே அடித்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டுத்துணியின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்கும் தெரியும்," என்று பெகி தொடர்ந்தாள். "எந்திரிச்சு வந்ததே அதைத் தடுக்கத்தான். பொணம் கிடைக்கலல்ல. மூணாவது ஞாயிறு முடிஞ்சா ரூரி செத்தவன்னு ஆயிடும். அது உன்னோடது இல்லன்னு உன்னைத் திட்டலடா அவரு. ரூரி வந்து கட்டிக்குவான்னு சொன்னாரு. அப்புறம் சாகற வரைக்கும் இதைப் பெட்டியில பூட்டித் தலைமாட்டுல வெச்சிருந்தாரு. ரூரிக்கு ரெண்டு ஞாயிறுதான் ஆச்சு. ஒண்ணு பாக்கி." அவள் குரல் இறங்கியது. "நான் பாக்கறேன்டா அவனை."

பெர்னி ஜன்னலைப் பார்த்தார். பெகி நிறுத்தவில்லை.

"பட்டப் பகல்ல. தண்ணி வத்தற நேரத்துல, பாசிக் கோட்டு ஓரமா. முதுகுதான் தெரியும். வெள்ளைச் சட்டை..."

"கால்ல ஒண்ணும் இல்ல," என்றார் பெர்னி.

பெகி அவரைப் பார்த்தாள்.

"சட்டை மட்டும்," என்றார் அவர். "தொடைக்குக் கீழ வெறுங்காலு. நீலமாப் போயிருக்கும். நான் கப்பல்ல இருந்து திரும்பி வந்த வருஷத்துல இருந்து பாக்கறேன். இந்த ஜன்னல் வழியா. ஏன் சட்டை மட்டும் போட்டிருக்கான்னு எனக்குப் புரியவே இல்ல."

"சட்டையை நீ மூணாவது ஞாயிறும் போட்டிருந்தே."

"வேற சட்டை இல்ல எனக்கு."

இருவரும் ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, உருளைக்கிழங்கும் முட்டையும் கொடுத்து வாங்கிக்கொண்டு, ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான், படித்தவள். ஆனால் அந்த நேரத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவள் நான்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்போ நீயே முடிவு பண்ணு," என்றாள் பெகி. "நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டு ஊனாவைக் கூட்டிக்கிட்டு வா. கோயில் வாசல்ல நான் முன்னால வந்து நின்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன், இவன் லாக்லன் மகன், என் தம்பின்னு. கலம் வாயை நான் அடைக்கறேன். சத்தியமாச் சொல்றேன்டா, மனசாரச் சொல்வேன். ஆனா அதுக்கப்புறம் நீ வெளி ஆள் இல்ல. ரூரிக்கு வேற ஆளும் இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா ஞாயித்துக்கிழமை."

அவள் போன பிறகும் அந்தத் துணி மேஜையிலேயே கிடந்தது. பெர்னி கையை நீட்டி ஒரு மடிப்பைத் தொட்டார், உடனே இழுத்துக்கொண்டார். "வாழ்நாள் பூரா யாராவது அதைச் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன் நர்ஸம்மா," என்றார். "இப்போ சொல்றேங்கறா."

மாலையில் ஊனா பட்டாளத்துக் கட்டத்தில் வாடகைக் கில்ட் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறாள். பெர்னி அதையும் மறுத்து, நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் எனக்குப் போன் செய்தாள். அழுகையா கோபமா என்று தெரியவில்லை. "செத்துப் போனவன் ஒருத்தனுக்குக் காலு குளுருதுன்னு உயிரோட இருக்கற பொண்ணை விட்டுட்டாரு. அத்தை தம்பின்னு சொல்றேங்கறாங்க, வேண்டாங்கறாரு! ஞாயித்துக்கிழமை வரைக்கும் எந்தக் கட்டமும் இல்லாத ஆளா இருக்கணுமாம். நீங்களாவது சொல்லக் கூடாதா?"

அவர் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டேன். ஊனா போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காற்றும் வெயிலுமாக இருந்தது. கோயில் பாதையின் இரண்டு பக்கமும் மக்நீல்கள் பச்சையும் நீலமுமாக வரிசை கட்டி நின்றார்கள். அவர்கள் துணியில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கோடு. நடுவே மனைவியின் சாவுக்குத் தைத்த சாம்பல் நிற சூட்டில் பெர்னி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊனா நேராகப் பார்த்து நடந்தாள். கையைக் கோத்திருந்தாள், ஆனால் அவர் மேல் சாயவில்லை. கலம் எதையோ சொல்ல வாயெடுத்தார். பெர்னியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பெகி தலை குனிந்து நின்றாள். அவள் முன்னால் வந்து சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

விருந்தில் பெர்னி ஒரு ஆட்டம் ஆடினார். கால் கட்டு நனைந்துவிடுமோ என்று நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகளோடு அப்பா ஆட வேண்டிய ஆட்டம் அது. முடிந்ததும் ஊனா அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டினார். என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை பெகி எனக்கு ஆள் அனுப்பினாள். கில்ட்டின் பக்கிள்களை நகர்த்தித் தைத்திருந்தாள். பத்தொன்பது வயதுக்காரன் இடுப்புக்குத் தைத்த துணி, சுற்றி மடிக்கும் பாகம் குறைந்து, ஒருவழியாகப் பெர்னியின் இடுப்பைச் சுற்றி வந்தது. கட்டின் மேல் நான் கம்பளிக் காலுறையை ஏற்றிவிட்டேன். முழங்கால்கள் மட்டும் வெறுமையாகத் தெரிந்தன.

"குளுருதா?"

"எனக்கு இல்ல," என்றார்.

கோயிலில் முந்தின நாள் ஆட்டத்தின் களைப்பு எல்லா முகத்திலும் இருந்தது. பெர்னி உள்ளே வந்ததும் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. வயதானவர்கள் சிலருக்கு அந்தத் துணி தெரிந்தது; ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் யாரோடும் சேராமல் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார், வந்து போகிற வெளியூர்க்காரன் உட்காருவது போல.

பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தபோது நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பெர்னிக்குப் பின்னால் கலம். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. வரிசை நகர நகர அந்த இடமும் நகர்ந்தது. கலமுக்குப் பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவர் முன்னால் போகவில்லை. அப்புறம் நான் அவரைக் கேட்டேன். "இடமா? கில்ட் கட்டின ஒரு பையன் நின்னானேம்மா. நம்ம பையன் எவனோ," என்றார். முந்தின ராத்திரி விஸ்கியின் தலைவலியில் இருந்தார், உண்மைதான். பீடத்திலிருந்து திரும்பி வரும்போது பெர்னி தனியாக வந்தார். கலம் அவருக்கு நேர் பின்னால், தோள் உரசுகிற மாதிரி வந்தார்.

வெளியே ஊனா பயண உடையில் காத்திருந்தாள். மதியப் படகுக்குப் போக வேண்டும். அப்பாவின் இடுப்பில் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"நேத்து இதைத்தானேப்பா கேட்டேன்."

"நேத்து இது அவனோடதும்மா."

காற்றில் முன் மடிப்பு பறந்தது. அவள் குனிந்து அதைச் சரிசெய்து, பின்னைக் குத்திவிட்டாள். குத்திய பிறகும் கையை எடுக்கவில்லை. பெகி வந்து நின்று கரகரத்த குரலில் சொன்னாள்: "மூணு ஞாயிறு முடிஞ்சா துணி போட்டவனுக்குத்தான் சொந்தம். அதுவும் வழக்கம்தான். இனிமே நீ இதை எங்க வேணும்னாலும் கட்டலாம்டா. யாரும் கேக்க முடியாது."

"எந்தப் பேர்ல கட்டறது?" என்று பெர்னி கேட்டார். பெகிக்கு அதற்கு வழக்கம் எதுவும் தெரியவில்லை.

ஊனாவும் மாப்பிள்ளையும் போன பிறகு அவரை வீட்டில் விட நான் காரை எடுத்தேன். கடற்கரை வளைவில் நிறுத்தச் சொன்னார். தண்ணீர் வற்றியிருந்தது. பாசிக் கோடு கறுப்பாகத் தெற்கு வரை ஓடிற்று. பறவைகள் தவிர யாரும் இல்லை. இறங்கி, மணலில் கொஞ்ச தூரம் நடந்து போய் நின்றார். ரொம்ப நேரம் திரும்பவில்லை. நான் பின்னால் போனேன்.

"இல்லையா?"

"இல்ல." அவருடைய முகம் நனைந்திருந்தது, காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. "போய்ச் சேந்துட்டான். நல்லா வெதுவெதுன்னு போயிருப்பான்." கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "வீட்டு ஜன்னல்ல உக்காந்து அவன்கூடப் பேசுவேன் நர்ஸம்மா. கல்லு, ஆடு, மேகம்னு. திரும்பிப் பாக்க மாட்டான். ஆனா இருந்தான். ஏழு வயசுல நான் எப்படி இருந்தேன்னு தெரிஞ்ச ஆளு அவன் ஒருத்தன்தான்."

அலை திரும்ப ஆரம்பித்திருந்தது. முதல் நீர் மணலின் வரிகளில் நாக்கு நீட்டி வந்துகொண்டிருந்தது. கட்டு நனையும், புண் பழுக்கும், நாளைக்குக் காய்ச்சல் வரும் என்று எனக்கு ஒன்றன் பின் ஒன்றாகப் பயம். கையைப் பிடித்தேன்.

"வாங்க, போகலாம்."

"நீங்க கார்ல இருங்க," என்றார். "நான் கொஞ்சம் நிக்கறேன். லாக்லனும் சில நாள் அவனைத் தேடிக்கிட்டு இங்க வர்றதுண்டு, செத்த பொறகும். இந்தக் கட்டத்தைத் தூரத்துல இருந்து பாத்தா வந்தாலும் வருவாரு."